எஸ்போசிட்டோ: ஒரு நேப்பிள்ஸ் குடும்பப்பெயரின் கதை

கால்பந்து_கண்ணன்:

இன்டர் மிலன் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குப் பியோ எஸ்போசிட்டோவைத் தெரிந்திருக்கும். 2005-இல் பிறந்தவர், முன்கள ஆட்டக்காரர். அவருடைய அண்ணன்கள் சால்வத்தோரே, செபாஸ்தியானோ இருவரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள்தான். மூவருக்கும் சொந்த ஊர் நேப்பிள்ஸ் வளைகுடாக் கரையில் இருக்கும் காஸ்தெல்லம்மாரே தி ஸ்தாபியா.

இந்தப் பெயரை எங்கெங்கோ பார்க்கிறேன். ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் கஸ் ஃபிரிங்காக மிரட்டியவர் ஜான்கார்லோ எஸ்போசிட்டோ. மார்கெரீட்டா பீட்சா செய்தவர் என்று சொல்லப்படுபவர் ரஃபாயேலே எஸ்போசிட்டோ. இவர்கள் எல்லாம் ஒரே வம்சமா? ஊர்ப் பெயரா, தொழில் பெயரா, வேறு ஏதாவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஏடு:

கண்ணன், நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரே வம்சம் இல்லை. இத்தாலியில் மிக அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப்பெயர்களில் இது ஒன்று. ரோஸ்ஸி, ரூஸ்ஸோ, ஃபெர்ராரி என்று வரும் வரிசையில் இதற்கும் இடம் உண்டு. ஆனால் அந்தக் கூட்டத்தின் அடர்த்தி முழுக்கக் கம்பானியா மாநிலத்தில், அதிலும் நேப்பிள்ஸைச் சுற்றித்தான். வடக்கே போனால், குடிபெயர்ந்து போனவர்களின் பெயராக மட்டுமே இது தென்படும்.

இது ‘வெளியே வைக்கப்பட்டவர்’ என்ற பொருளில் பிறந்த பெயர். பெற்றோர் யாரென்று தெரியாமல் விடப்பட்ட குழந்தைகளுக்கு வைக்கப்பட்டது.

நேப்பிள்ஸின் பழைய பகுதியில், ஃபோர்செல்லா பக்கம், சாந்திஸ்ஸிமா அனுன்சியாத்தா என்ற தேவாலயமும் அதோடு சேர்ந்த காப்பகமும் இருக்கின்றன. 14-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அறநிலையம் இது. தேவாலயம் 1757-இல் தீயில் எரிந்துபோனதால், இப்போது நாம் பார்ப்பது கட்டடக்கலைஞர் வன்வித்தெல்லி மறுபடி கட்டிய கட்டடம். காப்பகத்தின் சுவரில் ஒரு துளை இருக்கிறது. அதற்குள் சுழலும் மர உருளை ஒன்று. வெளியே நிற்பவர் குழந்தையை உள்ளே வைத்து, உருளையைத் திருப்பிவிட்டு, மணியை அடித்துவிட்டுப் போய்விடலாம். உள்ளே இருக்கும் பெண் எடுத்துக்கொள்வார். வைத்தவர் முகத்தை எடுத்தவர் பார்க்க மாட்டார். இதை அங்கே ‘ரோத்தா’, அதாவது சக்கரம் என்று சொல்வார்கள். அந்தத் துளையை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

குழந்தை வந்ததும் முதல் வேலை பதிவேடு. வந்த நேரம், பார்த்தால் எத்தனை நாள் குழந்தையாகத் தெரிகிறது, என்ன துணி சுற்றியிருந்தது, உடன் ஏதாவது துண்டுச் சீட்டோ அடையாளமோ இருந்ததா என்று எழுதுவார்கள். பிறகு ஞானஸ்நானம், கழுத்தில் ஈயப் பதக்கம். குடும்பப்பெயர் என்ற இடத்தில் எழுத வேறு எதுவும் இல்லை. அதனால் எல்லாருக்கும் எஸ்போசிட்டோ.

இப்படிப் பல தலைமுறைகள் நடந்திருக்கிறது. அந்தக் குழந்தைகளில் பிழைத்தவர்கள் வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். இரண்டு எஸ்போசிட்டோக்கள் சந்தித்தால் அவர்களுக்குள் இரத்த உறவு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்களை இணைப்பது ஒரு கட்டடமும் ஒரு பதிவேடும்தான்.

மீனாட்சி_கோவை:

படிக்கவே மனசு கனக்கிறது. ஒரு குழந்தைக்கு ‘உன்னை விட்டுவிட்டார்கள்’ என்பதையே பெயராக வைத்துப் பள்ளிக்கும் வேலைக்கும் அனுப்புவது எவ்வளவு கொடுமை. யாருக்கும் இது தவறு என்று தோன்றவில்லையா?

பழைய_ஏடு:

தோன்றியது, மீனாட்சி. நெப்போலியனின் மைத்துனர் ஜோவக்கீனோ முரா நேப்பிள்ஸ் மன்னராக இருந்தது 1808 முதல் 1815 வரை. அவர் ஆட்சியில்தான், 1814-இல், விடப்பட்ட குழந்தைகளுக்கு எஸ்போசிட்டோ என்ற பெயர் வைப்பது நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு வந்த குழந்தைகளுக்கு அதிகாரிகள் ஏதாவது ஒரு பெயரைப் புதிதாக உருவாக்கி எழுதினார்கள்.

இதற்குக் கண்ணெதிரே இருக்கும் சாட்சி சிற்பி வின்சென்சோ ஜெமீத்தோ. 1852-இல் பிறந்து, இதே அனுன்சியாத்தாச் சக்கரத்தில் விடப்பட்டவர். நாற்பது வருடம் முன்னால் வந்திருந்தால் அவர் எஸ்போசிட்டோ ஆகியிருப்பார். அவருக்கு ஜெனீத்தோ என்று பெயர் வைக்க நினைத்ததாகவும், எழுதியவர் கையில் அது ஜெமீத்தோ ஆகிவிட்டதாகவும் சொல்வார்கள். நேப்பிள்ஸ் தெருப் பையன்களையும் மீனவச் சிறுவர்களையும் அவர் அளவுக்கு உயிரோடு வடித்தவர் கிடையாது. 1877-இல் பாரிஸ் கண்காட்சியில் அவருடைய மீனவச் சிறுவன் சிலையைப் பார்த்து ஊரே பேசியது. கையில் மீனை இறுகப் பிடித்து, பாறைமேல் தடுமாறிக் குந்தியிருக்கும் பையன். அவருடைய சிற்பங்களின் படங்களைத் தேடிப் பாருங்கள், நேரம் வீண் போகாது.

கால்பந்து_கண்ணன்:

அப்படியானால் சக்கரத்தையும் 1814-இலேயே மூடிவிட்டார்களா?

பழைய_ஏடு:

இல்லை. பெயர் வைப்பதுதான் நின்றது, சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. நேப்பிள்ஸ் சக்கரம் மூடப்பட்டது 1875-இல். அதற்குப் பிறகும் அலுவலகம் வழியாகக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பெயர் தெரியாமல் விட்டுப் போகும் வழி அடைபட்டது.

யார் விட்டார்கள் என்ற கேள்விக்கும் ஒரே பதில் கிடையாது. கல்யாணம் ஆகாமல் பெற்ற பிள்ளைகள் என்றே பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. பஞ்ச காலத்தில், நோய்க் காலத்தில், முறையாகத் தாலி கட்டிய குடும்பங்களே நான்காவது ஐந்தாவது குழந்தைக்குச் சோறு போட முடியாமல் விட்டிருக்கிறார்கள். திரும்ப வந்து எடுத்துக்கொள்ளும் எண்ணத்தோடு அடையாளம் வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

ரோசி_டீச்சர்:

சின்னத் திருத்தம், ஏடு ஐயா. தாலி நம்ம ஊர் வழக்கம், இத்தாலியில் மோதிரம். மற்றபடி நீங்கள் சொன்ன அடையாளப் பொருள் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல எனக்கு ஆசை. ஃபுளோரன்ஸில் அதை நேரில் பார்த்தேன்.

அங்கே ஓஸ்பெதாலே தெலி இன்னோசென்டி என்ற காப்பகம். பட்டுத் தொழில் சங்கத்தார் பணம் போட, 1419-இல் கட்டடக்கலைஞர் புரூனெல்லெஸ்கி கட்டத் தொடங்கியது. 1445 பிப்ரவரியில் முதல் குழந்தை வந்தது, ஒரு பெண் குழந்தை. அகாதா ஸ்மெரால்தா என்று பெயர் வைத்தார்கள். முகப்பு வளைவுகளுக்கு மேலே அந்திரேயா தெல்லா ரொப்பியா செய்த நீலப் பின்னணி வட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் துணி சுற்றிய குழந்தை, கையை விரித்துக்கொண்டு.

உள்ளே அருங்காட்சியகத்தில் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையோடு வந்த பொருள். பாதியாக வெட்டிய நாணயம், பாதி பதக்கம், ஜபமாலைத் துண்டு, உடைந்த கண்ணாடி மணி. மற்றப் பாதி தாயிடம். என்றாவது வந்து இரண்டையும் பொருத்திக் காட்டினால் குழந்தையைக் கேட்கலாம். காப்பகத்திடம் மிச்சம் இருக்கும் பாதிகள் யாரும் வராத குழந்தைகளுடையவை. அந்த அறையை விட்டு வர எனக்கு வெகு நேரம் ஆனது.

அந்தக் காப்பகத்தின் பெயரிலிருந்து, ஃபுளோரன்ஸ் இருக்கும் டஸ்கனி மாநிலத்தில் இன்னோசென்டி என்ற குடும்பப்பெயர் பரவியது. நேப்பிள்ஸ் ‘வெளியே வைக்கப்பட்டவர்’ என்று எழுதிய இடத்தில் ஃபுளோரன்ஸ் ‘மாசற்றவர்’ என்று எழுதியிருக்கிறது. யுனிசெஃப் 1988-இல் ஃபுளோரன்ஸில் தொடங்கிய ஆய்வு மையத்துக்கும் இதே பெயர்தான் வைத்தார்கள்.

ஸ்கூட்டர்_பிரியன்:

டீச்சர், இன்னோசென்டி என்றதும் ஓடி வந்துவிட்டேன். லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் செய்த ஃபெர்தினாந்தோ இன்னோசென்டியும் டஸ்கனிக்காரர்தானே? 1891-இல் பேஷ்யா ஊரில் பிறந்தவர். மிலானின் லாம்ப்ராத்தே பகுதியில் ஆலை வைத்து 1947-இல் முதல் லாம்ப்ரெட்டாவை வெளியே விட்டார். பிறகு 1972-இல் அந்த இயந்திரங்களை எல்லாம் வாங்கி லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா தொடங்கினார்கள். விஜய் சூப்பர் ஓட்டிய அப்பாக்கள் இங்கே நிறைய பேருக்கு இருப்பார்கள். இன்னோசென்டியின் முன்னோர் காப்பகப் பிள்ளையா?

பழைய_ஏடு:

குடும்பப்பெயரை மட்டும் வைத்து ஒரு தனிமனிதரின் முன்னோரைத் தீர்மானிக்கக் கூடாது, பிரியன். இந்தப் பெயர்களைப் பற்றிப் பேசும்போது நான் பிடிவாதமாகச் சொல்லும் விஷயம் இது ஒன்றுதான். பெயர் ஒரு சாத்தியத்தைக் காட்டும். ஆவணம் கையில் கிடைத்தால் மட்டுமே அது வரலாறு.

மிலானைப் பாருங்கள். அங்கே பெரிய மருத்துவமனையின் சின்னம் புறா. அங்கே வளர்ந்த குழந்தைகளுக்குப் புறா என்று பொருள்படும் கொலம்போ என்ற பெயரை வைத்தார்கள். 1825 வரை இந்த வழக்கம் நடந்தது. மிலான் இருக்கும் லொம்பார்தியா மாநிலம் முழுக்கக் கொலம்போக்கள் நிறைந்திருப்பதற்கு அது ஒரு காரணம். ஆனால் கொலம்போ என்பது அதற்கு முன்பே ஆட்பெயராகவும் இருந்திருக்கிறது. ஜெனோவாவில் 1451 வாக்கில் பிறந்த கிறிஸ்தோஃபோரோ கொலம்போ, அதாவது நம் கொலம்பஸ், நெசவுக்காரர் தொமேனிக்கோவின் மகன். அவர் பெயரைக் காப்பகத்தோடு முடிச்சுப் போட ஒரு காரணமும் இல்லை.

ரோமில் இதே வகைப் பெயர் ப்ரொயெத்தி. அங்கே சாந்தோ ஸ்பீரித்தோ மருத்துவமனைச் சுவரில் சக்கரம். தைபர் ஆற்றில் மீனவர் வலையில் இறந்த சிசுக்கள் சிக்கியதைக் கண்டு போப் மூன்றாம் இன்னொசென்ட் மனம் உடைந்து அதைத் தொடங்கினார் என்ற கதையை அந்த மருத்துவமனைக் கூடத்திலேயே சுவரோவியமாக வரைந்திருக்கிறார்கள். ரோம் மக்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய மேடை நடிகர் ஜீஜி ப்ரொயெத்தி (1940–2020) வைத்திருந்த பெயர் இதுதான். பொலோஞ்ஞாவில் தெலி எஸ்போஸ்தி. நடிகை பியேரா தெலி எஸ்போஸ்தி அந்த ஊரில் பிறந்தவர். சிசிலியில் த்ரொவாத்தோ, கண்டெடுக்கப்பட்டவர்.

ஆக இத்தாலியில் இந்தப் பெயர்களை வைத்து ஒரு வரைபடமே போடலாம். நாடு ஒன்றானது 1861-இல்தான். அதுவரை பல தனி அரசுகள், ஒவ்வொரு நகரத்துக்கும் தனி மருத்துவமனை, தனிப் பதிவேடு. பெயரும் தனித்தனியாகப் பிறந்தது.

டொராண்டோ_குமரன்:

வணக்கம். கனடாவில் எஸ்போசிட்டோ என்றால் எங்களுக்கு ஐஸ் ஹாக்கிதான். இவ்வளவு நேரம் யாரும் விரிவாக எழுதாததால் நான் எழுதுகிறேன்.

ஃபில் எஸ்போசிட்டோ 1942-இல் ஒன்டாரியோவின் சூ செயின்ட் மரியில் பிறந்தவர். உருக்காலை ஊர், இத்தாலியக் குடும்பங்கள் நிறைய. பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்கு ஆடி 1968–69 பருவத்தில் 126 புள்ளிகள் எடுத்தார் (தான் போட்ட கோலும், மற்றவர் கோலுக்கு உதவியதும் சேர்ந்த கணக்கு). வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இல் ஒரே பருவத்தில் நூறைத் தொட்ட முதல் ஆட்டக்காரர் அவர்தான். 1970–71-இல் 76 கோல், 152 புள்ளி. அந்த 76-ஐ உடைக்க வெய்ன் கிரெட்ஸ்கி 1982 வரை வரவேண்டியிருந்தது. கோலுக்கு முன்னால் இருக்கும் சின்ன இடத்தில் போய் நின்றுகொண்டால் இரண்டு பேர் தள்ளினாலும் நகர மாட்டார். பந்தயத்தின் அழகு வேகத்தில் இருக்கிறது என்பவர்கள் அவரைக் குறைத்துப் பேசுவார்கள். எனக்கு அந்தப் பிடிவாதம்தான் பிடிக்கும்.

தம்பி டோனி, கோல்காப்பாளர். 1969–70-இல் சிகாகோவுக்கு ஆடி 15 ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு கோல்கூட விடவில்லை. முழங்காலை மடக்கி, கால்களை இரண்டு பக்கமும் விரித்துத் தடுக்கும் முறையைப் பரவலாக்கியவர்களில் அவர் முன்னோடி. 2021-இல் காலமானார்.

1972-இல் கனடாவும் சோவியத் யூனியனும் மோதிய எட்டு ஆட்டத் தொடரில் இருவரும் ஆடினார்கள். நான்காவது ஆட்டம் வான்கூவரில். கனடா 5–3 என்று தோற்றதும் சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டு அவமதித்தார்கள். வேர்வை சொட்டச் சொட்ட ஃபில் தொலைக்காட்சியில் நின்று, நாங்கள் உயிரைக் கொடுத்து ஆடுகிறோம், இப்படிக் கூச்சல் போடுவது நெஞ்சை உடைக்கிறது என்று நேராக நாட்டைப் பார்த்துப் பேசினார். அதன் பிறகு மாஸ்கோவில் கனடா தொடரை வென்றது. அதிகப் புள்ளிகள் எடுத்தவரும் அவர்தான். எனக்கு இந்த நாட்டின் வரலாறு கொஞ்சம் நெருக்கமானது அந்தப் பேட்டியின் பழைய காணொளியைப் பார்த்த பிறகுதான்.

மீனாட்சி_கோவை:

குமரன், அருமை. ஜான்கார்லோ பற்றியும் யாராவது எழுதுங்களேன்.

கால்பந்து_கண்ணன்:

அவரைப் பற்றி நானே சொல்கிறேன். 1958-இல் கோபன்ஹேகனில் பிறந்தவர். அப்பா நேப்பிள்ஸ்காரர், நாடக மேடைகளில் தச்சு வேலை பார்த்தவர். அம்மா அலபாமாவைச் சேர்ந்த கறுப்பின ஓபரா பாடகி. சின்ன வயதிலேயே நியூயார்க்குக்கு வந்து பிராட்வே மேடையில் ஏறிவிட்டார். இத்தாலியப் பெயரோடு இருக்கும் ஒரு கறுப்பின நடிகருக்கு என்ன வேடம் கொடுப்பது என்று அமெரிக்கத் திரையுலகம் வெகு காலம் குழம்பியிருக்கும் என்றே நினைக்கிறேன். கஸ் ஃபிரிங் வேடம் வந்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

பீட்சா கதை உண்மையா, ஏடு ஐயா?

பழைய_ஏடு:

ரஃபாயேலே எஸ்போசிட்டோ என்ற பீட்சாக்காரர் இருந்தார் என்பது சரி. 1889-இல் ராணி மார்கெரீட்டா நேப்பிள்ஸ் வந்தபோது அவரை அரண்மனைக்குக் கூப்பிட்டுப் பீட்சா செய்யச் சொன்னார்கள், தக்காளி, மொட்ஸரெல்லா, துளசி போட்டதற்கு ராணி பெயர் வந்தது என்பது கதை. இப்போது பிராந்தி என்ற பெயரில் இருக்கும் அந்தக் கடையில் அரண்மனைக் கடிதம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பிராந்தி என்பது அவர் மனைவி வீட்டுப் பெயர். அந்தக் கடிதத்தின் உண்மைத்தன்மையை ஆய்வாளர்கள் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். தக்காளியும் மொட்ஸரெல்லாவும் துளசியும் பீட்சாமேல் அதற்கு முன்பே இருந்தவைதான். எனவே கண்டுபிடித்தவர் என்று எழுத மாட்டேன்.

ஆனாலும் உலகம் முழுக்கத் தெரிந்த நேப்பிள்ஸ் உணவின் கதையில் ஒரு எஸ்போசிட்டோ நிற்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. அந்த ஊரின் சமையல்காரர், மீனவர், தச்சர், வழக்கறிஞர் என்று யாரை எடுத்தாலும் அந்தப் பெயர் இருக்கும். மெய்யியல் பக்கம் போனால் ரொபெர்த்தோ எஸ்போசிட்டோ. 1950-இல் பிறந்தவர். சமூகம் என்பது என்ன, அதிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள மனிதர் போடும் வேலி என்ன என்பதையே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். ஓவியத்தில் கயேத்தானோ எஸ்போசிட்டோ. வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலையில் இஸ்லாமிய ஆய்வுகளுக்குப் பேர்போன ஜான் எஸ்போசிட்டோ, புரூக்ளினில் பிறந்தவர்.

நெய்தல்:

நான் மாறுபடுகிறேன். நீங்கள் எல்லாரும் இதைக் கொண்டாட்டமாக மாற்றிவிட்டீர்கள். அந்தச் சக்கரத்தில் வந்த குழந்தைகளில் பெரும்பகுதி ஒரு வயதுகூட ஆகாமல் இறந்தது. கூட்டமாக வைத்து, பால் கொடுக்கப் போதிய ஆள் இல்லாமல், கிராமத்துச் செவிலித் தாய்களிடம் அற்பக் கூலிக்கு அனுப்பி. பிழைத்தவர்கள் பெயர் மட்டும்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பிரபலங்கள் பட்டியல் போடும்போது இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

ரோசி_டீச்சர்:

நெய்தல் சொல்வது முக்கியம். பிழைத்த பெண் பிள்ளைகள் நிலைமையும் சொல்லப்பட வேண்டும். பையன்களைத் தொழிலுக்கு அனுப்பிவிடுவார்கள். பெண்களை உள்ளேயே வைத்து, தையல், நெசவு, வீட்டு வேலை செய்ய வைத்து, காப்பகம் சீதனம் கொடுத்துக் கல்யாணம் செய்துவைக்கும். வரன் வராதவர்கள் அந்தச் சுவர்களுக்குள்ளேயே முதியவர்கள் ஆனார்கள். நேப்பிள்ஸில் அவர்களை ‘மாதாவின் பிள்ளைகள்’ என்று சொல்வார்கள். அந்தச் சொல்லில் மரியாதை இருந்தது, அதோடு ஒரு விலக்கமும் இருந்தது.

குடும்பப்பெயர் அப்பா வழியாகப் போகும் ஊரில், எஸ்போசிட்டோ என்று பிறந்த பெண்களின் பெயர் அவர்களோடு நின்றுவிட்டது. இன்று வேறு பெயர் வைத்திருக்கும் எத்தனையோ நேப்பிள்ஸ்காரர்களுக்கு ஒரு எஸ்போசிட்டோப் பாட்டி இருப்பார்.

மீனாட்சி_கோவை:

இன்றைய இத்தாலியில் பெற்றோர் தெரியாத குழந்தைக்கு என்ன பெயர் வைக்கிறார்கள்?

பழைய_ஏடு:

பிறப்புப் பதிவு அலுவலர் பெயரும் குடும்பப்பெயரும் வைப்பார். ஆனால் 2000-ஆம் ஆண்டு விதிமுறையில் தெளிவான தடை இருக்கிறது. குழந்தையின் பிறப்புப் பின்னணியைக் காட்டிக்கொடுக்கும் பெயர் கூடாது. வரலாற்றில் புகழ்பெற்ற குடும்பப்பெயரும், அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த குடும்பத்தின் பெயரும் கூடாது. அதற்கு முன்பே, 1955-இல், அடையாள ஆவணங்களில் அப்பா அம்மா பெயர் போடுவதை நீக்கினார்கள். அதுவரை தந்தை தெரியாதவர்களின் தாள்களில் எல்லாம் ‘பெயர் அறியப்படவில்லை’ என்பதன் இரண்டெழுத்துச் சுருக்கம் நின்றது. வேலைக்கு மனுப் போடும்போதும் அது கூடவே வரும். அந்தச் சட்டம் வந்ததற்காக நான் உண்மையாகவே மகிழ்கிறேன்.

டொராண்டோ_குமரன்:

கடைசியாக ஒரு உதவி, ஐயா. என்னோடு வேலை செய்பவரின் பூட்டனார் எஸ்போசிட்டோ. 1880-களில் நேப்பிள்ஸ் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து கனடா வந்தவர். அவரும் சக்கரத்தில் விடப்பட்டவரா என்று அறிய இவருக்கு ஆசை. எங்கே தேடச் சொல்லலாம்?

பழைய_ஏடு:

ஆண்டுக்கணக்கைப் பாருங்கள், குமரன். சக்கரம் 1875-இல் மூடியாகிவிட்டது. பெயர் வைப்பது 1814-இலேயே நின்றுவிட்டது. எனவே 1880-களில் ஒருவர் எஸ்போசிட்டோவாக இருந்தால், பெரும்பாலும் அப்பாவிடமிருந்து வந்த பெயர். விடப்பட்ட குழந்தை யாராவது இருந்தால், அவருடைய தாத்தா காலத்திலோ அதற்கு முன்போ தேட வேண்டும்.

இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் ‘அந்தெனாத்தி’ இணையதளத்தில் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நேப்பிள்ஸ் நாட்டில் அரசுப் பதிவு 1809-இல் தொடங்கியது. கிராமத்தின் பெயர் கையில் இருக்க வேண்டும், அதுதான் முதல் படி. பிறப்புப் பதிவிலிருந்து அப்பா பெயரை எடுத்து, அவருடைய திருமணப் பதிவுக்குப் போகச் சொல்லுங்கள். அந்தக் காலத்துத் திருமணப் பதிவோடு சேர்த்துக் கட்டிய இணைப்புத் தாள்களில் மணமக்களின் பிறப்புச் சான்றும், இறந்துபோன பெற்றோரின் இறப்புச் சான்றும் நகலாக இருக்கும். சில சமயம் தாத்தாவுடையதுகூட. ஒரே கட்டில் மூன்று தலைமுறை கிடைத்துவிடும்.

1809-க்கு முன்னால் போக வேண்டுமானால் ஊர்க் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு. பெற்றோர் பெயர் இல்லாமல், அனுன்சியாத்தாவிலிருந்து வந்த பிள்ளை என்ற குறிப்போடு ஒரு வரி கண்ணில் பட்டால், அதற்கடுத்து நேப்பிள்ஸில் அனுன்சியாத்தாவின் சொந்த ஆவணங்களைக் கேட்கலாம். கிராமத்தின் பெயர் தெரிந்ததும் இங்கே எழுதுங்கள். பழைய கையெழுத்தைப் படிக்க நான் உதவுகிறேன்.